வாவிக்கரையின் தொல்குழந்தைகள்: எலும்புகளின் எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

வரலாற்றுக்கு முந்தைய காலத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேர் வளர்ந்து ஆளாகும் முன்பே இறந்துபோனார்கள் என்று பாடநூல்களும் கட்டுரைகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதோடு இன்னொரு கூற்றும் ஒட்டிக்கொண்டு வரும்: அத்தனை பிள்ளைகள் செத்த காலத்தில் பெற்றவர்கள் பிள்ளைமேல் அதிகம் பற்று வைத்திருக்க மாட்டார்களாம். முதற்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அது சொல்லப்படும் விதம் பிழையானது. இரண்டாவதற்கு ஆதாரமே இல்லை. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலம் ஏற்ற இடம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலை ஒட்டிக் கிடக்கும் அந்த உவர்நீர்ப்பரப்புக்கு எழுவான்கரையில் மணலும் மீனும், படுவான்கரையில் வயலும் காடும். வடக்கே வாகரைக்கு அப்பால் கதிரவெளியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இருக்கின்றன. அதே கரையில் தமிழ் பேசும் கரையோர வேடர் இன்றும் வாழ்கிறார்கள். 1907–08 இல் இலங்கையில் கள ஆய்வு செய்து 1911 இல் வேடரைப் பற்றிய நூலை வெளியிட்ட செலிக்மன் தம்பதியர் இந்தக் கரையோர வேடரைத் தனியாக எடுத்து எழுதினார்கள். இந்த நிலத்தின் தொல்குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது என் வாதம் ஒன்றுதான். ஈமக்குழியில் கிடைக்கும் குழந்தை எலும்புகளின் எண்ணிக்கை, எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்கள் எப்படி அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பதையே பெரிதும் காட்டுகிறது. பிள்ளையின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து இருந்தது என்பதை அறிய அந்த இடத்தின் நோயையும் உணவையும் பேரிடரையும் பார்க்க வேண்டும்.

முதலில் எண்ணிக்கை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடயம் தெளிவாகும். இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பிறக்கும் குழந்தைகளில் நால்வரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கிறார். முதல் ஊரில் ஒரு பெண் சராசரியாக நான்கு பிள்ளை பெறுகிறாள், இரண்டாம் ஊரில் எட்டு. பத்துப் பெண்களும் அவர்களின் பத்துக் கணவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளில் சிசுவாகவே இறந்தவர்களும் ஒரே இடுகாட்டில் கிடப்பதாகக் கொள்வோம். எளிமைக்காக மற்றவர்களை விட்டுவிடலாம். முதல் ஊரில் 40 பிறப்பு, 10 சிசுச் சாவு. ஆக 30 உடல்களில் மூன்றில் ஒன்று சிசு. இரண்டாம் ஊரில் 80 பிறப்பு, 20 சாவு. 40 உடல்களில் பாதி சிசு. ஆபத்து ஒன்றுதான், இடுகாட்டுக் கணக்கு மட்டும் வேறு. இன்னொன்றும் உண்டு. இரண்டாம் ஊரில் எட்டில் ஒரு குழந்தைதான் இறந்தது என்று மாற்றிப் பாருங்கள்: 80 பிறப்பில் 10 சாவு, இடுகாட்டில் மீண்டும் மூன்றில் ஒன்று. முதல் ஊரைப் போல் பாதி ஆபத்தே உள்ள ஊர், தோண்டிப் பார்ப்பவருக்கு அதே ஊர்போலத் தெரியும். எலும்புத் தொகுதியில் காணப்படும் சராசரிச் சாவு வயது, இறப்பைவிடப் பிறப்பு வீதத்தையே அதிகம் பிரதிபலிக்கிறது என்று சாற்றென்ஸ்பீல், ஹார்ப்பெண்டிங் ஆகியோர் 1983 இலேயே காட்டினார்கள். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் கிளேர் மக்ஃபாடனும் அவருடைய சகாக்களும் 97 நாடுகளின் அண்மைக்கால ஐ.நா. தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். இறந்தவர்களில் சிசுக்களின் பங்கைத் தீர்மானிப்பதில் சிசு மரணவீதத்தைவிடக் கருவளத்தின் பங்கே மிகப் பெரிது என்பதுதான் அவர்களுடைய முடிவும். ஆகவே ஓர் இடத்தில் ஏராளமான குழந்தை எலும்புகள் கிடைத்தால், 'இங்கே பிள்ளைகள் நிறையச் செத்தார்கள்' என்று சொல்வதற்கு முன் 'இங்கே பிள்ளைகள் நிறையப் பிறந்தார்கள்' என்பதைக் கருத வேண்டும்.

இதன் மறுபக்கமும் அதே அளவு முக்கியம். குழந்தை எலும்பு கிடைக்காத இடத்தில் குழந்தைகள் சாகவில்லை என்று யாரும் முடிவு கட்ட முடியாது. சிசுவின் எலும்பில் தாதுச்செறிவு குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை வாடைக்கால மழையில் ஊறி, பின் மாதக்கணக்காகக் காயும் கிழக்கு மாகாண மண்ணில் அது எளிதில் கரைந்துபோகும். தென்கரையின் மினி அத்திலிய போன்ற சிப்பி மேடுகளில் மனித எலும்புகள் நிலைத்ததற்கு, சிப்பியின் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைத் தணித்ததும் ஒரு காரணம். அடக்க முறையும் கணக்கைக் குலைக்கும். இறந்தவர்களைத் தகனம் செய்யும் தமிழ் ஊர்களிலும் குழந்தைகளை மட்டும் மண்ணில் புதைக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படியொரு ஊரை இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து அகழ்ந்தால் குழந்தைகள் மட்டுமே செத்த ஊராகத் தோன்றும். பெரியோரைத் தாழியில் வைத்து, குழந்தைகளை வீட்டுத் தரையிலோ ஊருக்கு வெளியிலோ புதைத்த சமூகத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கும். புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் 1970 இல் விமலா பெக்லியின் குழு ஆய்ந்த தாழிகளில் ஒரே தாழிக்குள் ஒன்றுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் இருந்தன; உடலை முதலில் வேறெங்கோ வைத்து, பிறகு எலும்புகளைப் பொறுக்கி எடுத்துத் தாழியில் இட்ட இரண்டாம்நிலை அடக்கம் அது. பொறுக்கும் கைகளுக்கு மண்டையோடும் கால் எலும்பும் தப்பாது. விரல் நகமளவே உள்ள சிசுவின் முள்ளந்தண்டுத் துண்டு எத்தனை முறை தப்பியிருக்கும்? கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் 2020 இல் குழந்தைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தபோது, பண்டைத் தமிழரின் குழந்தை இறப்பைப் பற்றி உடனே பேசத் தொடங்கியவர்கள் உண்டு. சில உடல்களை வைத்து ஒரு வீதத்தைச் சொல்ல முடியாது. அந்தக் குழந்தைகளைப் பெரியோர் கிடந்த அதே ஈமக்காட்டில் அடக்கம் செய்தார்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அதுவும் சிறிய செய்தி அல்ல.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எலும்பை விட்டுவிடுங்கள், அண்மைக்காலம்வரை வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்ந்த மக்களை நேரில் பார்த்தவர்களின் கணக்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அத்தகைய சமூகங்களையும் பழைய வரலாற்றுச் சமூகங்களையும் சேர்த்து 2013 இல் வோல்க், அட்கின்சன் ஆகியோர் தொகுத்ததில், பிறந்த 100 பேரில் ஏறத்தாழ 27 பேர் முதலாண்டிலும், பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பருவமெய்தும் முன்பும் இறந்தார்கள். தன்சானியாவின் ஹட்சா மக்களிடையே முதலாண்டில் 21, பதினைந்து வயதுக்குள் 46. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு குறிப்புகள் சொல்ல வேண்டும். இந்த மக்கள் கற்காலத்தின் எச்சங்கள் அல்லர். பதிவு செய்யப்பட்ட வேளையில் அவர்கள் அயலாரின் நோய்களோடும் நில இழப்போடும் வாழ்ந்தவர்கள். வாகரை வேடரும் செலிக்மன் அவர்களைக் கண்டபோது தமிழ் ஊர்களோடு கலந்து, மீன்பிடித்து, சேனை செய்து வாழ்ந்தார்கள். அவர்களைப் பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதரின் நகலாக எடுப்பது அவர்களுக்கும் நியாயமில்லை, ஆய்வுக்கும் பயனில்லை. அடுத்தது, 27 என்பது கற்காலத்துக்கே உரிய எண் அல்ல. 1935 இல், மலேரியாக் கொள்ளைநோய் தாக்கிய ஆண்டில், இலங்கை முழுவதன் சிசு மரணவீதம் ஆயிரத்துக்கு 263. தொடருந்தும் தந்தியும் அரசாங்க ஆஸ்பத்திரிகளும் இருந்த நாட்டில், வேட்டையாடிகளின் சராசரி எண் அப்படியே திரும்பி வந்தது. 1946 இல் 141 ஆக இருந்தது, அடுத்த ஒரே ஆண்டில் 101 ஆகக் குறைந்தது. இன்று பத்துக்கும் கீழே. ஒரே தலைமுறைக்குள் இப்படி ஏறி இறங்கக்கூடிய ஓர் எண்ணைப் பல்லாயிரம் ஆண்டு நீண்ட ஒரு காலத்தின் நிலையான இயல்பாகக் கொள்வது சரியாகாது.

அப்படியானால் தொன்மக்களின் தொகை ஏன் பெருகவில்லை என்பது அடுத்த கேள்வி. மறுப்புகளில் கடினமானது இதுதான். ஒரு பெண் ஐந்து பிள்ளை பெற்று அவர்களில் மூவர் வளர்ந்தால் சில நூற்றாண்டுகளில் தீவு நிரம்பிவிடும், நிரம்பவில்லை, ஆகவே ஐவரில் மூவர் செத்தேயிருக்க வேண்டும் என்பது வாதம். கேர்வன், டேவிசன் ஆகியோர் 2019 இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். நாம் அறிந்த வேட்டைச் சமூகங்களின் பிறப்பும் இறப்பும் அப்படியே நீடித்திருந்தால் தொகை பெருகியே இருக்கும் என்றும், இடையிடையே பேரழிவுகள் வந்து போயிருந்தால்தான் அது பெருகாமல் நின்றதை விளக்க முடியும் என்றும் அவர்கள் காட்டினார்கள். சராசரி எண்ணுக்குள் இரண்டு வகை ஆண்டுகள் கலந்துகிடக்கின்றன: பிள்ளைகள் ஓரளவு தப்பி வளர்ந்த பல சாதாரண ஆண்டுகள், ஒரேயடியாக ஏராளமானோர் போன சில கொடிய ஆண்டுகள். வாவிக்கரை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 2004 டிசம்பர் 26 இன் சுனாமிக்குப் பிறகு அம்பாறைக் கரையோர முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடையே நடத்தப்பட்ட ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 31.8 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். 20 முதல் 29 வயதுவரையான இளையோரில் இறந்தவர்கள் 7.4 விழுக்காடு. அலைக்கு எதிரே நிற்கவோ மரத்தைப் பற்றவோ குழந்தைக்குப் பலமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அம்பாந்தோட்டைக் கரகன் களப்பின் அடிமண்ணில் 2004 க்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்தைய அலைகள் கொண்டுவந்து கொட்டிய மணற்படைகள் இருக்கின்றன. கடல் இப்படி உள்ளே வருவது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. எழுவான்கரை மணல்மேட்டில் குடியிருந்த ஒரு தொல்குடிக்கு அப்படியொரு காலை ஒரு தலைமுறைப் பிள்ளைகளை முழுதாகக் கொண்டுபோயிருக்கலாம், அதற்கு முன்னும் பின்னும் எத்தனை நல்ல ஆண்டுகள் இருந்திருந்தாலும்.

நல்ல ஆண்டுகளில் வாவி என்ன தந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கடல்மட்டம் இன்றைய நிலையை அண்மித்தது ஏறத்தாழ 7,000–6,000 ஆண்டுகளுக்கு முன்புதான். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல்திட்டு அதன் பிறகு உருவானது. கண்டல் வேர்களுக்கிடையே இறாலும் நண்டும், சேற்றில் மட்டியும், நன்னீர்ப் பக்கத்தில் அல்லிக்கிழங்கும், படுவான்கரைக் காட்டில் வள்ளிக்கிழங்கும் தேனும் மானும் என்று ஒரு நாள் நடைத்தூரத்துக்குள் பலவகை உணவு கிடைக்கும் நிலம் இது. ஓர் உணவு தவறினால் மற்றொன்று இருக்கும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் புரதம் குறையாத இடம் பிள்ளைக்கு முதல் காப்பு. இத்தகைய வாழ்க்கையில் பிள்ளை இரண்டு மூன்று வயதுவரை தாய்ப்பால் குடிக்கும். அடுத்த கரு தங்கத் தாமதமாகும். கலகாரியின் குங் மக்களிடையே இரு பிள்ளைகளுக்கு நடுவே ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளி இருந்ததை நான்சி ஹவல் பதிவு செய்திருக்கிறார். நெல் வந்த பிறகு நிலைமை மாறுகிறது. கஞ்சி என்ற மென்மையான இணை உணவு கைக்கு வந்ததும் பால் மறக்கடிக்கும் வயது குறையலாம். அடுத்த பிள்ளை விரைவில் வரும். குளத்தைச் சுற்றி நிலையாகத் தங்கிய ஊரில் குடிநீர் அழுக்காகும். பால் மறந்த பிள்ளைக்கு வயிற்றோட்டம் வரும். பிறப்பும் சாவும் ஒருசேர ஏறும். உலகின் பல இடங்களில் விவசாயத் தொடக்ககால இடுகாடுகளில் இளம் எலும்புகள் திடீரென்று பெருகுவதைப் பொக்கே-அப்பெல் போன்றோர் பிறப்பு வீத உயர்வாகவே வாசிக்கிறார்கள். கதிரவெளி ஈமச்சின்னங்களை அமைத்த இரும்புக்கால மக்கள் இந்த மாற்றத்துக்குப் பின்னே வந்தவர்கள். அவர்களுடைய ஈமக்குழிகளில் பிள்ளை எலும்பு நிறையக் கிடைத்தால் அதை வறுமையின் அடையாளமாக வாசிக்க அவசரப்படக் கூடாது.

ஆனால் வாவியை ஒரு சொர்க்கமாக வரைவதும் தவறு, ஏனென்றால் நுளம்பு இருந்தது. மலேரியா விவசாயத்தோடும் குளங்களோடும்தான் வந்தது என்ற பழைய கருத்து இப்போது ஆட்டங்கண்டிருக்கிறது. வியட்நாமின் கொன் கொ நுகுவா என்ற இடத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டை, மீன்பிடி மக்களின் எலும்புகளில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் தடயங்கள் இருப்பதாக 2021 இல் அறிவிக்கப்பட்டது. தலசீமியா மரபணு மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பளிப்பதால்தான் ஒரு மக்களிடையே நிலைக்கும். ஆகவே அது இருந்த இடத்தில் மலேரியாவும் நெடுங்காலம் இருந்திருக்க வேண்டும். வாவிக்கரைக்கு இன்னும் நெருக்கமான ஒப்பீடு தாய்லாந்தின் கொக் பனொம் டி. ஆற்று முகத்துவாரமும் கண்டல் காடுமாக, நம் நிலத்தைப் போலவே மீனிலும் சிப்பியிலும் செழித்த ஊர் அது. கி.மு. 2000 தொடங்கி ஏறத்தாழ 500 ஆண்டுகள் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். சார்ள்ஸ் ஹையம் குழுவினர் 1985 இல் கண்டெடுத்த 154 அடக்கங்களில் பாதிக்கு மேற்பட்டவை வளராதவர்களுடையவை. அவர்களில் சிசுக்களே மிகுதி. எலும்புகளை ஆய்ந்த நான்சி டேல்ஸ் இரத்தசோகையின் தழும்புகளைக் கண்டு தலசீமியாவையும் மலேரியாவையும் சுட்டினார். அங்கே சிசு எலும்பின் மிகுதியைப் பிறப்பு வீதத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. நோயின் தடயம் எலும்பிலேயே இருக்கிறது. என் வாதத்துக்கு இது எதிரான சான்று அல்ல. எண்ணிக்கை சொல்லாததை நோய்த்தடயம் சொல்கிறது என்பதற்கு இதுவே சான்று. இலங்கையில் இன்று ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டினர் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமக்கிறார்கள். இது பல தலைமுறை மலேரியாவின் முத்திரை. உவர்நீரிலும் முட்டையிட்டு வளரக்கூடிய அனோபிலிஸ் நுளம்புகள் இலங்கையின் வெப்பக் கரையோரங்களில் இருப்பதும் தெரிந்ததே. மலேரியா முதலில் கொல்வது தாயின் எதிர்ப்பாற்றல் வடிந்துபோன, தனக்கென்று இன்னும் எதிர்ப்பாற்றல் வளராத சிறு பிள்ளையை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்படுவதற்கு முன் இந்தக் கரையில் அது எத்தனை ஆயிரம் ஆண்டுகள் நிலைத்திருந்தது என்பதுதான், தொல்குழந்தைகளின் இறப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி என்று நினைக்கிறேன்.

பற்று இல்லாத பெற்றோர் என்ற கூற்றுக்கு வருவோம். கென்யாவின் பங்கா யா சைடிக் குகையில் 78,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு பிள்ளையை, உடலைச் சுற்றிக் கட்டி, தலைக்கு அணை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். ஒஸ்திரியாவின் கிரெம்ஸில் 31,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குழியில் இரட்டைக் குழந்தைகள் கிடந்தார்கள். ஒன்று பிறந்தவுடன் இறந்தது, மற்றது சில வாரங்கள் பிழைத்திருந்து இறந்தபின் மூடிய குழியை மறுபடி திறந்து அதன் பக்கத்திலேயே வைத்தார்கள். அதே கொக் பனொம் டியில் ஒன்றேகால் வயதுப் பிள்ளைக்கு ஏராளமான சிப்பிமணிகளோடு, குயவர் பயன்படுத்தும் கருவியின் சிறு வடிவம் ஒன்றையும் வைத்திருந்தார்கள். இலங்கையில் களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலக் குகையிலே, முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய எலும்புகளில் சிறு குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும் ஒன்றாக இரண்டாம்நிலை அடக்கத்தில் இருந்தார்கள். பெரியவருக்குச் செய்த சடங்கு பிள்ளைக்கும் செய்யப்பட்டிருக்கிறது. இதற்கும் ஒரு மறுப்பு வரும்: இவை விதிவிலக்குகள், பேணி அடக்கப்பட்ட சிலர் மட்டுமே நம் கண்ணில் படுகிறார்கள், வீசியெறியப்பட்டோர் படுவதில்லை என்று. நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் அது எந்தப் பக்கத்துக்கும் சான்று ஆகாது. காணாத உடல்களை வைத்து அன்பின்மையை நிறுவ முடியாது. சாவு அடிக்கடி வந்தால் மனம் மரத்துப்போகும் என்ற எண்ணத்துக்கு 1935 இன் இலங்கை எந்த ஆதரவும் தராது. நால்வரில் ஒரு சிசு போன அந்த ஆண்டில் பிள்ளையை இழந்த தாய்மார் நம் பாட்டிமாரும் பூட்டிமாரும். அவர்களுடைய துயரம் குறைந்தது என்று அவர்களை அறிந்த எவரும் சொல்லத் துணியார்.

இனி வாவிக்கரையில் செய்ய வேண்டியது எலும்பை எண்ணுவதைவிடப் பல்லைப் படிப்பதுதான். வெப்ப மண்டலத்தில் எலும்பின் புரதம் அழிந்தாலும் பல்லின் மேற்பூச்சான எனாமல் நிலைக்கும்; இலங்கையின் ஈரக்காட்டு மனிதர் குறைந்தது 20,000 ஆண்டுகளாகக் காட்டு உணவையே நம்பி வாழ்ந்தார்கள் என்பதைப் பட்ரிக் றொபேர்ட்ஸ் குழுவினர் 2015 இல் நிறுவியது பற்களின் எனாமலைக் கொண்டுதான். பால்பல்லின் எனாமலில் பிறந்த கணத்தின் கோடு ஒன்று பதிந்திருக்கும். அந்தக் கோட்டுக்கு அப்பால் பூச்சு வளர்ந்திருக்கிறதா இல்லையா என்பது, பிள்ளை பிறப்பிலேயே போனதா, சில வாரங்கள் பாலருந்தி வாழ்ந்ததா என்று சொல்லிவிடும். அதே பூச்சில் பேரியம் ஏறி இறங்குவதை வைத்துத் தாய்ப்பால் எப்போது குறைந்தது என்று அறியலாம். எனாமலின் புரதத் துணுக்கிலிருந்து ஆணா பெண்ணா என்றும் தெரியும். பால் மறந்த வயதும் இறந்த வயதும் அருகருகே விழுந்தால் குற்றவாளி வயிற்றோட்டமாக இருக்கலாம். கண்குழியின் மேற்சுவரில் இரத்தசோகையின் துளைகள் இருந்தால் நுளம்பைச் சந்தேகிக்கலாம். இவை எதற்கும் பெரிய எண்ணிக்கை வேண்டியதில்லை, பத்துப் பற்களே போதும். ஆனால் முழுதாக உருவாகாத பால்பல்லின் முளை சில மில்லிமீற்றர்தான். மண்வெட்டியும் பரும்படிச் சல்லடையும் கொண்டு தோண்டினால் அது மண்மேட்டோடு போய்விடும். கதிரவெளியிலோ வாவிக்கரையின் வேறெந்த ஈமக்காட்டிலோ அடுத்து அகழ்பவர்கள் தாழியின் உள்மண்ணை முழுதாக எடுத்து, ஒரு மில்லிமீற்றர் வலையில் நீரூற்றிச் சலிக்க வேண்டும். எலும்பறிந்த ஒருவர் முதல் நாளிலிருந்தே குழியருகில் இருக்க வேண்டும். அந்த மண்ணில் இன்றும் வாழும் வேடர் சமூகத்தின் இசைவைத் தோண்டுவதற்கு முன்பே பெறுவதும், ஆய்வு முடிந்தபின் எலும்புகள் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்வதும் அகழ்வுத் திட்டத்தில் எழுத்தில் இடம்பெற வேண்டும்.